எந்த விக்டோரியா? மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு கைவழிகாட்டி

"காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்கு விக்டோரியா காலத்து அரசு நிவாரணம் அறிவித்தது." மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த முதல் ஆண்டில் நான் எழுதிக் கொடுத்த வரி இது. ஆங்கிலத்தில் 'விக்டோரியன் கவர்ன்மென்ட்' என்று இருந்தது. விக்டோரியன் என்றால் ராணி காலத்தது என்று பள்ளியில் படித்தது மனதில் ஊறிக் கிடந்ததால் கை அப்படியே எழுதிவிட்டது. செய்தியோ ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைப் பற்றியது. மெய்ப்புப் பார்த்த அக்கா அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "எந்த விக்டோரியா?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு இந்தப் பெயர் எங்கே வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்காமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை. மொழிபெயர்க்க, ஊர் வரலாறு எழுத, கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத என்று புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு, இத்தனை வருடத்தில் கைக்கு வந்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரே பெயரில் ஏராளமான ஆட்களும் இடங்களும் பொருள்களும் இருக்கிற எல்லாப் பெயர்களுக்கும் இது பயன்படும். விக்டோரியாவை வைத்துப் பழகினால் மற்றவை எளிது.

தொடங்கும் முன்: பெயருக்குப் பொருள் என்ன?

இலத்தீன் மொழியில் 'விக்டோரியா' என்றால் வெற்றி. அவ்வளவுதான். வெல்வதைக் குறிக்கும் 'வின்கெரெ' என்ற வினையிலிருந்து வந்தது. விக்டர், வின்சென்ட் எல்லாம் அதே வேரில் முளைத்த பெயர்கள். நம்மிடம் கொற்றம் என்ற சொல் வெற்றியையும், கொற்றவை அந்த வெற்றிக்குரிய தெய்வத்தையும் குறிப்பது போல, ரோமானியர்கள் வெற்றியைச் சிறகு முளைத்த ஒரு பெண் தெய்வமாகவே வணங்கினார்கள். கிரேக்கர்களின் நைக்கி தெய்வத்துக்கு இணை அவள். கி.மு. 294இல் ரோம் நகரின் பாலட்டைன் குன்றில் அவளுக்குக் கோயில் எழுந்தது. கி.மு. 29இல் அகஸ்டஸ் செனட் அவையிலேயே அவளுக்கு ஒரு பலிபீடம் வைத்தார். கிறிஸ்தவம் பரவிய பிறகு அந்தப் பீடத்தை எடுப்பதா வைப்பதா என்று பெரிய சச்சரவு நடந்து, கி.பி. 382இல் கிரேஷியன் பேரரசர் அதை எடுத்துவிட்டார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் விக்டோரியா என்றதும் மனதில் வருவது தலையில் முக்காடு போட்ட பிரிட்டிஷ் ராணிதான். ஆனால் அவர் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி என்று இலத்தீனின் பிள்ளை மொழிகள் பேசும் நாடுகளில் அது இன்றும் சாதாரணச் சொல். ஒருவர் கடையில் நின்று பேசும்போதும் பந்தாட்டத்தில் ஜெயித்ததைச் சொல்ல அந்தச் சொல்லையே பயன்படுத்துவார். ஆகவே உலகத்து விக்டோரியாக்களில் ஒரு பாதி ராணியின் பெயரைத் தாங்கியவை, மறு பாதி வெற்றியின் பெயரைத் தாங்கியவை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: ஆண்டைப் பாருங்கள்

ராணி விக்டோரியா பிறந்தது 1819 மே 24. அரியணை ஏறியது 1837 ஜூன் 20. இறந்தது 1901 ஜனவரி 22. இந்த மூன்று தேதிகளையும் மேசைக்கு எதிரே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

1819க்கு முன்னால் ஒரு விக்டோரியா வந்தால் அது ராணி இல்லை. கடலோடி மகெல்லனின் கப்பல் 'விக்டோரியா' இதற்கு நல்ல உதாரணம். 1519இல் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டன. மகெல்லன் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டார். ஹுவான் செபாஸ்டியான் எல்கானோ என்பவரின் தலைமையில் ஒரே ஒரு கப்பல், 18 பேருடன், 1522 செப்டம்பர் 6ஆம் தேதி ஊர் திரும்பியது. உலகை முதன்முதலில் சுற்றிவந்த கப்பல் அதுதான். செவில் நகரின் திரியானா பகுதியில் இருந்த 'வெற்றியின் மரியன்னை' ஆலயத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். அங்கேதான் மகெல்லன் உறுதிமொழி எடுத்தார்.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய இசையமைப்பாளர் தோமாஸ் லூயிஸ் தெ விக்டோரியாவும் இந்த வகை. தேவாலய இசை பற்றிய கட்டுரைகளில் 'விக்டோரியாவின் இசை' என்று வெறுமனே வரும். அதை 'ராணி இயற்றிய இசை' என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமாகவே உண்டு. 1813இல் வெலிங்டன் நெப்போலியனின் படைகளை முறியடித்த விட்டோரியா போர் நடந்தபோது ராணி பிறக்கவே இல்லை. அது ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள ஊர். 1181இல் நவார் அரசர் அங்கே நகரம் அமைத்தபோது வெற்றியைக் குறித்து வைத்த பெயர்.

1837க்குப் பிறகு வருவதெல்லாம் ராணியா என்றால், அதுவும் இல்லை. ஆண்டு ஒரு வாசலை மூடும், வேறு எதையும் உறுதி செய்யாது.

இரண்டாம் படி: எழுத்தைப் பாருங்கள்

மூலத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் நடுவில் 'சி' வரும். 'கே' வந்தால் ஜெர்மன், செக், ரஷ்யப் பக்கம். கால்பந்துச் செய்தியில் வரும் விக்டோரியா பில்சென் செக் நாட்டு அணி. 'சி' இல்லாமல் ஒற்றை 'டி' மட்டும் வந்தால் போர்ச்சுகீசியம் அல்லது பாஸ்க் நாட்டு ஊர். பிரேசிலின் எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத் தலைநகர் விட்டோரியா அப்படித்தான். இரட்டை 'டி' வந்தால் இத்தாலியம்.

தமிழில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். பிரேசில் ஊரை 'விட்டோரியா' என்றே எழுதுங்கள், 'விக்டோரியா' என்று திருத்த வேண்டாம். அந்த 'க்' இல்லாததுதான் வாசகருக்கு நாம் கொடுக்கும் அடையாளம்.

தமிழ் மூலங்களைத் தேடும்போது இன்னொரு விஷயம். பழைய அச்சுகளில் இந்தப் பெயர் பல உருவங்களில் இருக்கும். இலங்கைத் தமிழ் மரபில் விக்ரோறியா, விக்ரோரியா என்றும் எழுதுவார்கள். நம் ஊர் எழுத்தை மட்டும் வைத்துத் தேடிவிட்டு 'தமிழில் ஒன்றுமே கிடைக்கவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் ஒரு விக்ரோறியாக் கல்லூரி இருக்கிறது. பாலக்காட்டிலும் ஓர் அரசு விக்டோரியா கல்லூரி இருக்கிறது. 'விக்டோரியா கல்லூரியில் படித்தவர்' என்று ஒருவரைப் பற்றி வந்தால், அவர் ஊர் தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: பக்கத்துச் சொல்லைப் பிடியுங்கள்

பெயர் ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் சொல்தான் அது யார் என்று சொல்லும். ஏரியா, அருவியா, அணையா, ஹாலா, சிலுவையா, அல்லியா? பெரும்பாலும் இந்தப் படியிலேயே விடை கிடைத்துவிடும். விக்டோரியா சிலுவை என்றால் கிரிமியப் போர் வீரர்களுக்காக 1856இல் ராணி ஏற்படுத்திய வீரப் பதக்கம். விக்டோரியா அமேசானிகா என்றால் தாம்பாளம் போல விளிம்பு மடங்கிய இலை உள்ள ராட்சத அல்லி. மூன்று மீட்டர் வரை அகலும் அந்த இலை. ஜான் லிண்ட்லி 1837இல், ராணி பதவியேற்ற அதே ஆண்டில், அந்தப் பேரினத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். 2022இல் பொலிவியாவின் பெயரோடு மூன்றாவது இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் உலர்மாதிரி லண்டன் கியூ தோட்டத்தில் 177 ஆண்டுகளாக வேறு இனத்தின் பெயரில் கிடந்திருக்கிறது. தாவரவியலாளர்களுக்கே 'எந்த விக்டோரியா?' என்று கேட்டு முடிக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. நம் வேலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறே இல்லை.

'ராணி விக்டோரியா' என்று இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். சுவீடனுக்கும் ஒரு விக்டோரியா ராணி இருந்தார், ஐந்தாம் குஸ்டாவின் மனைவி. ஸ்பெயின் அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் மனைவி விக்டோரியா யூஜின், நம் ராணியின் பேத்தி.

'பேரரசி விக்டோரியா' இன்னும் சிக்கல். 1888இல் ஒரே சமயத்தில் இரண்டு பேரரசி விக்டோரியாக்கள் இருந்தார்கள். இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தோடு தாய் லண்டனில். ஜெர்மன் பேரரசியாக அவருடைய மூத்த மகள் விக்டோரியா பெர்லினில். மகளின் கணவர் மூன்றாம் பிரெடரிக் 99 நாட்கள்தான் ஆண்டார். அவர் இறந்ததும் பேரரசியானவர் ஆகஸ்டா விக்டோரியா. ஜெருசலேமில் ஒலிவ மலையில் உள்ள ஆகஸ்டா விக்டோரியா மருத்துவமனை பற்றிச் செய்திகளில் படிக்கிறோமே, அது இந்த ஜெர்மன் பேரரசியின் பெயர். இதை பிரிட்டிஷ் ராணியின் பெயரில் அமைந்த மருத்துவமனை என்று எழுதிய ஒரு பக்கத்தை நான் திருத்தியிருக்கிறேன்.

ஆணா பெண்ணா என்பதையும் இந்தப் படியிலேயே பாருங்கள். தமிழில் வினைமுற்று பாலைக் காட்டிவிடும். மரியாதைப் பன்மை போட்டாலும் 'அம்மையார்' என்ற ஒரு சொல் சேர்ந்தால் எல்லாம் கெட்டது. மெக்சிகோவின் முதல் குடியரசுத் தலைவர் குவாதலூப்பே விக்டோரியா ஓர் ஆண். படைத்தளபதி. இயற்பெயர் வேறு. விடுதலைப் போரின்போது, குவாதலூப்பே மாதாவின் பெயரையும் வெற்றி என்ற சொல்லையும் சேர்த்துத் தமக்குத் தாமே இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார். 1824 முதல் 1829 வரை பதவியில் இருந்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு விக்டோரியா நகரம் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாட்டு ஊர் என்பதால் ராணி என்றுதான் தோன்றும். அந்த ஊர் 1824இல், அது மெக்சிகோவாக இருந்தபோது, இந்தத் தளபதியின் பெயரில் உண்டானது.

நான்காம் படி: வரைபடத்தைத் திறந்து வையுங்கள்

இது தான் எல்லோரும் தாண்டிப் போகிற படி. தயவுசெய்து தாண்டாதீர்கள். பெயர் சொல்கிற இடத்தில் பொருள் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கிரேட் விக்டோரியா பாலைவனம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, ஆனால் விக்டோரியா மாநிலத்தில் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் பரந்து கிடக்கிறது. 1875இல் அதைக் கடந்த எர்னஸ்ட் கைல்ஸ் ராணியின் பெயரை வைத்தார். விக்டோரியா மாநிலம் தென்கிழக்கு மூலையில், மெல்போர்னைத் தலைநகராகக் கொண்டு, 1851இல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்தது. 'விக்டோரியாவில் உள்ள பாலைவனம்' என்று எழுதினால் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் மணலை நாம் ஒரே வரியில் இடம் மாற்றி வைத்துவிடுகிறோம்.

கனடாவில் இதைவிடக் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைநகர் விக்டோரியா. அது வான்கூவர் தீவில் இருக்கிறது. வான்கூவர் நகரமோ அந்தத் தீவில் இல்லை, எதிர்க்கரையில் பெருநிலத்தில் இருக்கிறது. விக்டோரியா தீவு என்று ஒன்று தனியாக வடதுருவப் பக்கம், பனிக்கடலில், நுனாவுட்டும் வடமேற்குப் பிரதேசங்களும் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் கிடக்கிறது. உலகத் தீவுகளில் பரப்பளவில் எட்டாவது. 'விக்டோரியாவிலிருந்து படகில் வான்கூவருக்கு' என்ற சாதாரணச் சுற்றுலா வரியை மொழிபெயர்க்க இத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரி நீர்தான் விக்டோரியா அருவியாக விழுகிறது என்று நினைப்பவர்கள் பலர். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏரி கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் நீர் நைல் நதியாக வடக்கே ஓடி மத்தியதரைக் கடலில் சேர்கிறது. அருவி சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையில் சாம்பெசி ஆற்றில் விழுகிறது. அந்த ஆறு கிழக்கே போய் இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. இரண்டுக்கும் ஒரு சொட்டு நீர்கூடப் பொது இல்லை. ஏரிக்குப் பெயர் வைத்தவர் ஸ்பீக், 1858இல் பார்த்தார். அருவிக்குப் பெயர் வைத்தவர் லிவிங்ஸ்டன், 1855இல் பார்த்தார்.

வரைபடம் உதவாத விக்டோரியாக்களும் உண்டு. செவ்வாய்க் கோளில் விக்டோரியா பள்ளம் என்று ஒன்று இருக்கிறது. ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 2006இல் அதன் விளிம்புக்கு வந்து, 2008 வரை அதைச் சுற்றியும் உள்ளே இறங்கியும் ஆராய்ந்தது. பள்ளத்துக்கு மகெல்லனின் கப்பல் பெயரை வைத்தார்கள். குறுங்கோள்களில் பன்னிரண்டாவது எண்ணுள்ளது விக்டோரியா. ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் 1850இல் லண்டனிலிருந்து கண்டுபிடித்துப் பெயர் வைத்தபோது, உயிரோடு இருப்பவர் பெயரை வானத்தில் வைக்கலாமா என்று அமெரிக்க வானியலாளர்கள் ஆட்சேபித்தார்கள். ரோமானிய தெய்வத்தின் பெயர்தான் அது என்ற விளக்கத்தோடு பெயர் நிலைத்தது. ராணியா, தெய்வமா என்று கேட்டால் இங்கே இரண்டையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: முன்பு என்ன பெயர், இப்போது என்ன பெயர்?

இந்தப் படியில்தான் எனக்கு அதிக அக்கறை. விக்டோரியா என்ற பெயர் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் இருந்த இடங்களின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்த அருவிக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் மோசி ஓவா துன்யா. இடி முழக்கும் புகை என்று பொருள். அந்த அருவியின் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, இரண்டில் எது பொருந்திய பெயர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏரியை லுகாண்டா மொழியில் நலுபாலே என்கிறார்கள். ஐநா பாரம்பரியப் பட்டியலில் அருவி இரண்டு பெயர்களோடும் இருக்கிறது. நீங்கள் எழுதும்போதும் முதல் முறை வருமிடத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். அதற்குப் பத்து எழுத்துகூட ஆகாது.

பல இடங்களில் விக்டோரியா போய் வேறு பெயர் வந்துவிட்டது. பழைய நூலில் ஒரு பெயர், புதிய செய்தியில் ஒரு பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாவிட்டால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு கட்டுரை எழுதிவிடுவோம். பம்பாயின் விக்டோரியா டெர்மினஸ் ராணியின் பொன்விழா ஆண்டான 1887இல் பெயர் பெற்றது. 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017இல் 'மகராஜ்' சேர்ந்தது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் வி.டி.தான். அதே ஊரில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் 1997இல் வீரமாதா ஜீஜாபாய் பெயருக்கு மாறியது. முதலெழுத்துகள் கொஞ்சமும் மாறவில்லை, வி.ஜே.டி.ஐ. அப்படியே இருக்கிறது. சுருக்கெழுத்தை மட்டும் பார்த்து எந்தக் காலத்துப் பெயர் என்று சொல்ல முடியாது. ஆண்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கொழும்பின் விக்டோரியா பூங்கா இப்போது விகாரமகாதேவி பூங்கா. நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா பெயர் மாறவில்லை. கேமரூன் நாட்டின் விக்டோரியா நகரம் 1982இல் லிம்பே ஆனது. மால்ட்டாவின் கோசோ தீவில் தலைமை ஊருக்கு 1887இல் விக்டோரியா என்று பெயர் வைத்தார்கள், ஆனால் தீவு மக்கள் அதை ரபாத் என்றே அழைக்கிறார்கள். பக்கத்து மால்ட்டா தீவில் இன்னொரு ரபாத் இருக்கிறது, மொராக்கோ தலைநகரும் ரபாத். ஒரு குழப்பத்திலிருந்து தப்பிக்க மாற்றுப் பெயரைப் பிடித்தால் அது இன்னொரு குழப்பத்தில் கொண்டுவிடும் என்பதால், நாட்டின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

சென்னையில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1885இல், ஆண் மருத்துவர்களிடம் வர முடியாத பெண்களுக்காக மருத்துவர் மேரி ஷார்லீப் முன்னின்று தொடங்கிய, இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் மருத்துவமனைக்கு விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை என்று பெயர். கோஷா என்றால் பெண்கள் பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் வழக்கம். பிறகு கஸ்தூரிபா காந்தி பெயர் வந்தது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஊர் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்கம்மா கோஷா ஆஸ்பத்திரியிலதான் பொறந்தாங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் மேலே சொன்ன பெயர்களைக் கேள்விப்படாதவராகக்கூட இருக்கலாம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மூன்று பெயரையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்க வேண்டும்.

ஆறாம் படி: நம் ஊர் ஹால்களைப் பிரித்தறிதல்

இதைத் தனிப் படியாகவே வைக்கிறேன், ஏனென்றால் தமிழ்ச் செய்திகளில் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இங்கேதான்.

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் செங்கல் சிவப்பில் நிற்பது விக்டோரியா பப்ளிக் ஹால். சிஷோம் வரைந்தது, நம்பெருமாள் செட்டி கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கே. 1897இல் விவேகானந்தர் பேசியதும் இங்கே. பழைய நூல்களில் டவுன் ஹால் என்றும் வரும்.

கோயம்புத்தூரில் மாமன்றக் கூட்டம் நடக்கும் இடம் விக்டோரியா ஹால். அதையும் டவுன் ஹால் என்பார்கள். அந்த வட்டாரத்துக்கே அதுதான் பெயர். 'விக்டோரியா ஹாலில் கவுன்சிலர்கள் வெளிநடப்பு' என்று தலைப்பு வந்தால் அது கோவைச் செய்தி. சென்னை மாமன்றம் கூடுவது ரிப்பன் மாளிகையில்.

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது விக்டோரியா எட்வர்டு மன்றம். தாய், மகன் இருவர் பெயரும் சேர்ந்தது. அதன் நூலகத்தில் படித்தவர்களும் அங்கிருந்த ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்தவர்களும் மதுரையில் ஏராளம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டியது விக்டோரியா விடுதி, மாநிலக் கல்லூரி மாணவர்களுடையது. அந்த விடுதியின் பெயரைச் சுமக்கும் சாலையும் அங்கே இருக்கிறது.

கடல் தாண்டினால், கண்டிக்கு அருகே மகாவலி கங்கையின் குறுக்கே விக்டோரியா அணை. 122 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உயரமானது. அது எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. 'விக்டோரியா நீர்மட்டம் உயர்வு' என்று இலங்கைத் தமிழ்ச் செய்தியில் பார்த்தால் ஆப்பிரிக்க ஏரி நினைவுக்கு வரக் கூடாது. கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி 1893இல் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். அங்கே படித்தவர்களை விக்டோரியன் என்பார்கள், ஆகவே என் பழைய தவறான சொல்லுக்கு மூன்றாவதாக இப்படியும் ஒரு பொருள் உண்டு. சீஷெல்ஸ் நாட்டின் தலைநகர் விக்டோரியா. அங்கே 1992இல் எழுந்த அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயிலில் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். 'விக்டோரியாவில் தைப்பூசம்' என்ற தலைப்பு மெல்போர்னையும் குறிக்கலாம், சீஷெல்ஸையும் குறிக்கலாம்.

விக்டோரியா நினைவிடம் என்பதும் ஒன்றல்ல. கொல்கத்தாவின் வெண்பளிங்கு மாளிகை 1921இல் திறக்கப்பட்டது. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் இப்போது விக்டோரியா கச்சேரி அரங்கமாக இருப்பதும் ஒரு காலத்தில் விக்டோரியா நினைவு மண்டபம்தான்.

ஏழாம் படி: எழுதுவது எப்படி

கண்டுபிடித்துவிட்டீர்கள். அடுத்து வாசகருக்கு அந்தக் கண்டுபிடிப்பு போய்ச் சேர வேண்டும்.

முதல் முறை பெயர் வரும்போது வகைச்சொல்லை விடாதீர்கள். 'விக்டோரியா மாநில அரசு', 'சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியா', 'கோவை விக்டோரியா ஹால்'. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் தமிழில் இரண்டாக எழுதுவது பிழை இல்லை. அடுத்தடுத்த வரிகளில் பெயரை மட்டும் எழுதலாம். ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டு விக்டோரியாக்கள் இருந்தால் கடைசி வரை வகைச்சொல்லோடே போங்கள்.

'விக்டோரியன்' என்பதை ஒருபோதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். காலத்தைக் குறித்தால் 'விக்டோரியா காலத்து', மாநிலத்தைக் குறித்தால் 'விக்டோரியா மாநில', பள்ளியைக் குறித்தால் 'விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர்'.

பெயரை மொழிபெயர்க்கலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். வெற்றி ஏரி, வெற்றி அருவி என்று எழுதக் கூடாது. அவை ஒரு பெண்ணின் பெயரைக் குறிக்கின்றன. ஆனால் ரோமானிய தெய்வத்தைப் பற்றி எழுதும்போது 'வெற்றித் தெய்வம் விக்டோரியா' என்று ஒரு முறை சொல்வது நல்லது. நெல்சனின் கப்பல் 'விக்டரி', 1893இல் லெபனான் கரையோரம் இன்னொரு போர்க்கப்பலோடு மோதி 358 பேருடன் மூழ்கிய கப்பல் 'விக்டோரியா'. இரண்டும் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள். ஓர் எழுத்து மாறினால் போர்ட்ஸ்மவுத் துறையில் இன்றும் பத்திரமாக நிற்கும் கப்பலை நாம் மூழ்கடித்துவிடுவோம்.

கையில் எடுத்துப் பழக ஒரு பொருள்

பயிற்சிக்கு வீட்டிலேயே ஒன்று கிடைக்கலாம். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், சாமி உண்டியலில், அல்லது தாலிச் சரட்டில் கோத்த காசுகளில் ஒரு ராணி காசு இருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ரூபாய் வெள்ளிக் காசு. ஓரம் தேய்ந்து வழவழப்பாக, முகத்தில் மூக்கு மழுங்கி இருந்தது. மஞ்சள் பூசிப் பூசி எழுத்துகளின் பள்ளத்தில் கறை ஏறியிருந்தது.

அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ராணியின் தலையைச் சுற்றி உள்ள எழுத்தைப் படியுங்கள். 'விக்டோரியா குயின்' என்று இருந்தால் 1876க்குள் வகுத்த அச்சு. 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்று இருந்தால் 1877க்குப் பிந்தியது. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் டெல்லியில் அவரைப் பேரரசியாகப் பிரகடனம் செய்தார்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்று இருந்தால் 1840ஆம் ஆண்டு வரிசை, 'இந்தியா' என்று இருந்தால் 1862 முதல் வந்தது. ஒரே ஆள், ஒரே பெயர். ஆனாலும் பக்கத்துச் சொல்லையும் ஆண்டையும் பார்க்காமல் எந்தக் காசு என்று சொல்ல முடியவில்லை பாருங்கள்.

எங்கள் வீட்டுக் காசில் 'எம்ப்ரஸ்' என்பதன் கடைசி இரண்டு எழுத்து தேய்ந்துபோயிருந்தது. மிஞ்சியதை வைத்துப் பட்டத்தைப் படித்துவிட்டோம். ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் பூதக்கண்ணாடியிலும் பிடிபடவில்லை. குறிப்பேட்டில் '188' என்று எழுதி, நான்காவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.